உரம் தூவும் இயந்திரத்தை டிராக்டரில் பூட்டும்போது

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது பள்ளிப் புத்தகத்தில் இல்லாத பொருள். செம்பனைக் காட்டில் டிராக்டரின் பின்னால் பூட்டி உரம் தூவுகிறார்களே, அந்த இயந்திரத்தைப் பற்றியது. ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டிய சங்கதிதானே, நமக்கென்ன என்று தாய்மார்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். ஓட்டுநர் முன்னால், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறவர்கள்தாம் பின்னால், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறார்கள். உரம் போடும் வேலை நம் தோட்டங்களில் காலங்காலமாகப் பெண்களின் வேலையாக இருந்து வந்திருக்கிறது. வாளியும் கோப்பையும் போய் இயந்திரம் வந்தபிறகும், பல இடங்களில் மூட்டை பிரிக்கும் வேலை அவர்களிடமே இருக்கிறது. ஆகவே இந்த இயந்திரம் காலையில் ஒழுங்காகப் பூட்டப்பட்டதா இல்லையா என்பது ஓட்டுநரைவிட அவர்களுக்கே அதிகம் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் இயந்திரம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். கனடா, ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சாலையெல்லாம் உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும். அங்கே லாரியின் பின்னால் ஒரு பெரிய தொட்டியைப் பூட்டி, அதில் உப்பை நிரப்பி, சாலை நெடுகத் தூவிக்கொண்டே போவார்கள். உப்புப் பட்டதும் பனிக்கட்டி இளகும். தொட்டியின் அடியில் ஒரு வட்டத்தட்டு வேகமாகச் சுழலும். மேலிருந்து விழும் உப்பை அது நாலாபக்கமும் வீசியெறியும். நம் ஊரில் பனியும் இல்லை, உறைந்த சாலையும் இல்லை. ஆனால் உப்புத் தூவும் இயந்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் செயற்கை உரத்தை இன்றும் 'உப்பு' என்றே சொல்கிறவர்கள் உண்டு. அது வெறும் பேச்சு வழக்கு அன்று. செம்பனைக்கு நாம் போடும் சிவப்பு உரம் இருக்கிறதே, எம்.ஓ.பி. என்று மூட்டையில் அச்சிட்டிருக்குமே, அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்புத்தான். கனடாவின் சஸ்காட்சவான் மாநிலத்தில் பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டி எடுக்கிறார்கள். அதில் கலந்திருக்கும் இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு நிறத்தைத் தருகிறது.

மலாக்காவுக்கும் இந்த உப்புக்கும் நெருங்கிய உறவு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வியாபார நோக்கத்தோடு நடப்பட்ட முதல் ரப்பர் அதுதான் என்பார்கள். அன்று ரப்பர் நின்ற மாநிலத்தில் பின்னர் செம்பனை பரவியது. இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் போனால் சாலையோரமெல்லாம் செம்பனை நிரைகள். நம் மாநிலத்து மண்ணில் பெரும் பகுதி செம்பொறைக்கல் நிறைந்தது. மண் ஆய்வாளர்கள் அதற்கு 'மலாக்கா வகை மண்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மண்ணில் தானாகச் சத்துத் தங்காது. நாம்தான் போட வேண்டும். ஒரு ஹெக்டரில் 136 மரம், மரத்துக்கு ஒரு தடவைக்கு 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் 272 கிலோ, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மூட்டை வருகிறது. இவ்வளவையும் இடுப்பில் சுமந்து நடந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் இயந்திரம் வந்தது நல்லதே. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

இனிப் பூட்டும் முறைக்கு வருவோம். டிராக்டரின் பின்புறம் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை, ஆக மூன்று கைகள் இருக்கும். இந்த மூன்று கைப் பிடிப்பை உருவாக்கியவர் ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர். பல தோட்டங்களில் ஓடிய சிவப்பு டிராக்டரின் பெயரில் பாதி அவருடைய பெயர்தான். இந்தக் கைகளில்தான் உரத் தொட்டி தொங்குகிறது.

டிராக்டரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் தொட்டிக்கும் டிராக்டருக்கும் இடையில் நின்றுகொண்டு, "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டுவது எங்கும் காணக்கூடிய காட்சி. இதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. கிளச்சிலிருந்து கால் ஒரு சாண் வழுக்கினால் இரண்டு இரும்புக்கும் நடுவில் ஆள். கை காட்டுகிறவர் பக்கவாட்டில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். டிராக்டர் நின்று, பிரேக் போட்டு, எஞ்சின் அணைந்தபிறகே உள்ளே போக வேண்டும். இடம் சமதரையாக இருக்க வேண்டும், தொட்டி காலியாக இருக்க வேண்டும்.

முதலில் இடது கீழ்க்கையை மாட்டுங்கள். அடுத்து வலது கீழ்க்கை. பெரும்பாலான டிராக்டர்களில் வலது பக்கத்தில்தான் உயரத்தைச் சரிசெய்யும் திருகு இருக்கும் என்பதால் இந்த வரிசை. மேல் கை கடைசியில். ஒவ்வொரு பின்னுக்கும் அதன் பூட்டுக் கொண்டியைப் போட வேண்டும். கொண்டி தொலைந்துபோனால் ஆணியை வளைத்துச் செருகுவது, கட்டுக்கம்பியைச் சுற்றிவிடுவது நம்மவர்களின் கைவைத்தியம். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது கம்பி அறுந்தால் பின் நழுவும், தொட்டி ஒரு பக்கமாகச் சாயும். பின்னின் பருமனும் பொருந்த வேண்டும். கீழ்க்கைப் பின்கள் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், 28 மில்லிமீட்டர் என இரண்டு அளவில் வரும். பெரிய துளையில் சின்னப் பின்னைப் போட்டால் ஆடி ஆடித் தேயும். கைகள் பக்கவாட்டில் ஊசலாடாமல் இருக்கச் சங்கிலி இருக்கும். அதை இறுக்கிவிட வேண்டும். சரிவில் போகும்போது அரை டன் தொட்டி ஊஞ்சலாடினால் டிராக்டரையே இழுத்துவிடும்.

அடுத்தது பாரம். பள்ளித் திடலில் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டிராக்டரும் அப்படித்தான். பின் சக்கரம் நடுத்தாங்கி. பின்னால் தொங்கும் தொட்டி கனக்கக் கனக்க, முன் சக்கரம் இலேசாகும். முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. மேட்டில் ஏறும்போது முன்பக்கம் எழும்பி, வண்டி பின்னால் கவிழவும் கூடும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தின்மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டரின் எடை 2,400 கிலோ, அதில் முன் சக்கரத்தின்மேல் 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர். தொட்டியின் பாரம் பின் சக்கரத்துக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. வெறும் தொட்டி 150 கிலோ, அதில் 10 மூட்டை உரம், ஆக 650 கிலோ. 650ஐ ஒன்றரையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 490. முன் சக்கரத்தின்மேல் இருந்த 900 கிலோவில் இந்த 490 போய்விடுகிறது. மிச்சம் 410 கிலோ. மொத்த எடையோ 3,050 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு 610. போதவே போதாது. பத்து மூட்டைக்குப் பதிலாக ஐந்து மூட்டை கொட்டினால் என்ன ஆகும்? தொட்டியோடு 400 கிலோ. முன்னால் குறைவது 300, மிச்சம் 600. மொத்தம் 2,800, அதில் ஐந்தில் ஒரு பங்கு 560. இப்போது சரி. இல்லாவிட்டால் டிராக்டரின் மூக்கில் இரும்புக் கட்டிகளை மாட்ட வேண்டும். டிராக்டருக்கு டிராக்டர் இந்த அளவுகள் மாறும். உங்கள் வண்டியின் கணக்கு அதன் கையேட்டில் இருக்கும். கையேடு பட்டறையிலோ அலுவலகத்திலோ தூசி படிந்து கிடக்கலாம், கேட்டு வாங்குங்கள். நடை குறையட்டும் என்று தொட்டியை விளிம்பு வரை நிரப்பச் சொல்கிறவர் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். டிராக்டரில் கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டம் இருந்தால் இருக்கை வாரையும் போட்டுக்கொள்ள வேண்டும். வார் இல்லாவிட்டால் சட்டத்தின் பயன் பாதி போய்விடும். புதிய டிராக்டர்களில் அந்தச் சட்டம் இருந்தாக வேண்டும் என்று சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே விதி செய்துவிட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அதுதான் சுழல்தண்டு.

டிராக்டரின் எஞ்சினிலிருந்து சுழற்சியை எடுத்து, உரத் தொட்டியின் அடியிலுள்ள தட்டைச் சுழற்றும் தண்டு அது. பி.டி.ஓ. ஷாப்டு என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். டிராக்டருக்கும் தொட்டிக்கும் நடுவில், ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் படுத்துக் கிடக்கும். என் வகுப்பில் ஒரு மாணவன், தாயார் உரம் போடும் கூட்டத்தில் வேலை செய்கிறவர், ஒருநாள் டிராக்டரைப் படமாக வரைந்து வந்தான். தண்டையும் விடாமல் வரைந்திருந்தான். இது என்னப்பா என்று கேட்டேன். "அம்மா இதைத் தாண்டித்தான் சார் அந்தப் பக்கம் போவாங்க. சுத்திப் போனா மண்டோர் ஏசுவாரு" என்றான். எட்டு வயதுப் பிள்ளை அதைச் சாதாரணமாகச் சொன்னான்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. 60ஆல் வகுத்தால் விநாடிக்கு 9 சுற்று. தண்டின் குறுக்களவு ஏழரை சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் துணி சுருண்டுகொள்ளும். ஒன்பது சுற்றில் 2 மீட்டருக்கு மேல். ஒரு கைலியின் சுற்றளவு அவ்வளவுதான். கைலியின் ஓரமோ, தலையில் கட்டிய துண்டின் முனையோ, அவிழ்ந்த பின்னலோ பட்டால், ஐயோ என்று வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துபோகும். பலத்தால் இழுத்து மீளலாம் என்று நினைக்க வேண்டாம். பல குதிரைகளின் பலத்தோடு சுற்றுகிற எஞ்சின் அது. மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்து, அந்த நூலை இடுப்பில் செருகிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு, வீட்டில் எதையாவது கட்ட உதவுமே என்று. அந்த நூலே போதும். ஒன்று சிக்கினால் மற்றதெல்லாம் அதன் பின்னே போகும்.

இதனால்தான் தண்டுக்குமேல் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உறையாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே தண்டு சுற்றும், வெளியே உறை சுற்றாது. அது சுற்றாமல் இருக்க இரண்டு முனையிலும் சின்னச் சங்கிலி உண்டு. ஒன்றை டிராக்டரிலும் மற்றதைத் தொட்டியிலும் மாட்ட வேண்டும். டிராக்டர் பக்கம் தகட்டுக் கூரை ஒன்றும், தொட்டிப் பக்கம் கூம்பு ஒன்றும் இருக்கும். இத்தனையும் இருந்தால்தான் மூடி முழுமை. நடைமுறையில் என்ன நடக்கிறது? கிரீஸ் அடிக்க உறையைக் கழற்றுகிறார்கள், திரும்ப மாட்டுவதில்லை. வெயிலில் காய்ந்து வெடித்த உறையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சங்கிலி அறுந்தபின் உறை தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. சுற்றுகிற உறை இருந்தும் இல்லாததற்குச் சமம். ஒரு சோதனை சொல்கிறேன். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தபின், சங்கிலியைக் கழற்றி உறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். தண்டு அசையாமல் உறை மட்டும் இலகுவாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே இறுகிவிட்டது, பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

தண்டை மாட்டுவதிலும் கவனம் வேண்டும். 540 சுற்றுத் தண்டின் முனையில் பெரும்பாலும் ஆறு பல் இருக்கும். 1,000 சுற்றுத் தண்டில் இருபத்தொரு பல். 540க்குச் செய்த தொட்டியை 1,000இல் ஓட்டினால் தட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி, உரத்தையும் சிதறடிக்கும், தானும் சிதறும். முனையை உள்ளே தள்ளியதும் 'கிளிக்' என்று பூட்டுக் குமிழ் வெளியே வரும். வந்ததாக எண்ணிக்கொண்டு போய்விடாமல், தண்டைப் பிடித்து ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள்.

தண்டு இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும், சுருங்கும். ஓடும்போது குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது உள்ளே நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியை உயர்த்தும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ கழன்றுவிடும். கழன்ற பாதி எஞ்சின் வேகத்தில் சாட்டைபோல் சுழன்று அடிக்கும். நீளம் கூடினால் வேறு தொல்லை. தொட்டியைத் தூக்கும்போது தண்டு சுருங்க இடமில்லாமல் கியர் பெட்டியை இடித்து உடைக்கும். தோட்டத்தில் ஒரு தண்டை மூன்று இயந்திரத்துக்கு மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். அளவு பார்க்காமல் அப்படிச் செய்யக் கூடாது. மாட்டியபின், தண்டு சுற்றாத நிலையில், தொட்டியை மெதுவாக மேலே தூக்கி, கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும்.

வேலைக்காட்டில் தொட்டி நிரப்பும்போது ஓட்டுநர் நான்கு காரியம் செய்ய வேண்டும். பிரேக் போட வேண்டும், தண்டின் இணைப்பை விலக்க வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும், சாவியைச் சட்டைப்பையில் போட வேண்டும். அதற்குப் பின்னும் தட்டும் தண்டும் சில விநாடி சுற்றிக்கொண்டிருக்கும். அவை நின்றதைக் கண்ணால் பார்த்தபிறகே தாய்மார்கள் கிட்டே போக வேண்டும். "எஞ்சினை அணைத்து அணைத்துப் போட்டால் பேட்டரி போய்விடும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. பேட்டரியைக் கடையில் வாங்கலாம்.

இந்தச் சிவப்பு உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டிபிடிக்கும். கட்டி அடைத்துக்கொண்டால் குச்சியால் குத்துவதும், தொட்டிக்குள் கைவிட்டு உடைப்பதும், மேலே ஏறிக் காலால் மிதிப்பதும் நடக்கிறது. தொட்டிக்குள் கிளறும் தண்டு ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கட்டியைத் தரையிலேயே மூட்டையோடு தட்டி உடையுங்கள். தொட்டியின் வாயில் இருக்கும் கம்பிச் சல்லடையைக் கழற்றி வைக்காதீர்கள். கட்டியைத் தடுப்பதும் அதுதான், கையைத் தடுப்பதும் அதுதான். தட்டு சுற்றும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. அது எறியும் பொடிக்கல் கண்ணில் பட்டால் பார்வை போகும். தொட்டியின்மேலும், கீழ்க்கைகளின்மேலும் ஏறி நின்று அடுத்த நிரைக்குச் சவாரி போவது வேண்டாம். பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

ஒருவேளை யாராவது சிக்கிக்கொண்டால் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். ஆளைப் பிடித்து இழுக்கவோ, எஞ்சினால் தண்டைத் திருப்பிச் சுழற்றவோ கூடாது. 999ஐ அழையுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரலோ கையோ துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்து ஆளோடு கூடவே அனுப்புங்கள். பனிக்கட்டி நேராகச் சதையில் படக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, ஆபத்தில்லாத இயந்திரத்தையும், அதை இயக்கப் பயிற்சியையும் கொடுப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காக வைத்ததை வேண்டுமென்றே கழற்றிப் போடுவது தொழிலாளி செய்தாலும் குற்றம். 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டத்தில் புதிய உரிமை ஒன்று நடப்புக்கு வந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி, அதைச் சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக அவருக்குக் கேடு செய்யக் கூடாது. உறையில்லாத தண்டின் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று சொல்வது அடாவடி அன்று. மண்டோரிடம் சொல்லுங்கள், சின்னதுரையிடம் சொல்லுங்கள், தோட்டத்தில் பாதுகாப்புக் குழு இருந்தால் அங்கே சொல்லுங்கள். தனியாகப் போவதைவிட நாலுபேராகப் போவது நல்லது. விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும். 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. இன்று நம்மோடு மூட்டை பிரிக்கும் இந்தோனேசியத் தோழிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாகத் துரு. குளிர்நாட்டில் உப்புத் தூவும் லாரியை அந்த உப்பே தின்றுவிடும் என்பார்கள். நம் சிவப்பு உரமும் அப்படித்தான் இரும்பைத் தின்னும். இரவில் கழுவாமல் விட்ட தொட்டியில் காலையில் துரு பூத்திருக்கும். பின், கொண்டி, சங்கிலி, நட்டு எல்லாம் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்திருக்கும். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் அணைந்த நிலையில் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, எண்ணெய் தடவி வையுங்கள். கழற்றும்போது மாட்டிய வரிசை தலைகீழாக வரும். முதலில் தண்டு, பிறகு மேல் கை, கடைசியில் கீழ்க்கைகள். தொட்டி அதன் சொந்தக் காலில் சமதரையில் நிற்க வேண்டும். லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுவார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுங்கள். மறுநாள் பெரட்டு முடிந்து வண்டி கிளம்புமுன் நட்டுகளை ஒருமுறை ஸ்பானர் போட்டு முடுக்கி, தண்டின் உறையையும் இரண்டு சங்கிலியையும் பார்த்துவிட்டு மூட்டையை ஏற்றுங்கள்.